ஐந்து வோல்ட்டில் என்ன ஆபத்து?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் சால்டரிங் அயர்னைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அது என்னுடையது. 25 வாட், மரக் கைப்பிடி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. எலிமென்ட் மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். "பத்தாவது படிக்கிற பையனை நீங்கதாம்ப்பா கெடுக்கறீங்க" என்றான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சொன்ன மாதிரிதான்.

குற்றம் இதுதான்: பேரன் கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கான கேம் கன்ட்ரோலரைத் தானே செய்கிறான். நான் உடந்தை.

கடையில் வாங்கிய கன்ட்ரோலர் ஆறு மாதத்தில் கெட்டுப்போனது. கையை எடுத்த பிறகும் திரையில் கார் தானாக இடப்பக்கம் இழுக்கும். 'டிரிஃப்ட்' என்கிறார்கள். குப்பையில் போடுவதற்கு முன் என்னிடம் காட்டினான். பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது நம் பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல்! அதே கார்பன் தடம், அதன்மேல் உரசும் அதே தகடு, ஆனால் சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு குச்சிக்கு இரண்டு. ஒன்று இட வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. ரேடியோ பழசானதும் வால்யூமைத் திருகினால் கரகரவென்று இரையுமே, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதே தேய்மானம்தான். அங்கே இரைச்சல், இங்கே கார் இழுக்கிறது.

அப்புறம் பையனை நிறுத்த முடியவில்லை. ஏடிமெகா 32யு4 சிப் வைத்த, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு போர்டு வாங்கினான். யூஎஸ்பி ஒயரில் செருகினால் அது தன்னைக் கீபோர்டு என்றோ ஜாய்ஸ்டிக் என்றோ கம்ப்யூட்டரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். குச்சியிலிருந்து வரும் வோல்ட்டேஜை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். குச்சியை விட்டால் 512 பக்கத்தில் நிற்க வேண்டும். தேய்ந்துபோன குச்சி 540-ல் நின்றது. நடுவில் இந்தப் பக்கம் 40, அந்தப் பக்கம் 40 வரை கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினான். கார் நேராக ஓடியது.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டான். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை சுட்டது. பட்டனை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டு வந்தான். எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் ரிலேக்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாதா? கதவை அறைந்து சாத்தினால் அதிருகிற மாதிரி, எந்த காண்டாக்ட்டும் சேரும்போது சில மில்லி செகண்டு துள்ளும். சிப் அத்தனை துள்ளலையும் எண்ணிவிடுகிறது. "பத்து மில்லி செகண்டு பொறுத்து மறுபடி பாருடா" என்றேன். செய்தான். ஓய்வுபெற்ற பிறகு என் தொழில் ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

கன்ட்ரோலர் என்றால் கம்பெனி செய்வது என்று மகன் நினைக்கிறான். 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஆஸிலாஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை ஓடவிட்டார். கையில் பிடிக்க ஒரு பெட்டி, அதில் ஒரு திருகும் ஒரு பட்டனும். 1962-ல் எம்ஐடியில் 'ஸ்பேஸ்வார்' எழுதியவர்கள் முதலில் கம்ப்யூட்டர் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆடினார்கள். முழங்கை வலி தாங்கவில்லை. ஆலன் கோட்டாக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர், பொம்மை ரயில் கிளப்பைச் சேர்ந்தவர்கள், மரத்திலும் பேக்கலைட்டிலும் சுவிட்சு வைத்துத் தனிப் பெட்டிகள் செய்தார்கள். ஆரம்பமே கையால் செய்ததுதான்.

என் மகனுக்கு மறந்துபோன இன்னொரு கன்ட்ரோலர் உண்டு. 1986-ல் எங்கள் மாடித் தொட்டிக்கு நானே ஒரு தண்ணீர் மட்டக் கருவி செய்தேன். தொட்டிக்குள் மூன்று செம்புக் கம்பி, நான்கு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். நான்கு மாதம் அருமையாக வேலை செய்தது. அப்புறம் ஒரு இரவு மோட்டார் விடிய விடிய ஓடி, பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்து, பெரிய சண்டை. நேர் மின்சாரம் தண்ணீர் வழியே போய்ப்போய்ப் பாசிட்டிவ் கம்பி பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்திருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்யும்போது நடந்ததை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. மெயினை அணைத்துவிட்டதாக நினைத்து ரிலே முனையில் கை வைத்தேன். 230 வோல்ட். சுவரில் போய் விழுந்தேன். வழுக்கி விழுந்ததாக மனைவியிடம் சொன்னேன்.

அதனால்தான் சொல்கிறேன், பையன் கையிலிருப்பது 5 வோல்ட். தப்பாக இணைத்தால் சில நூறு ரூபாய் போர்டு போகும், உயிர் போகாது. இருக்கிற ஆபத்து அயர்ன் சூடும் ஈயமும்தான். ஜன்னலைத் திறந்து வை, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு என்பது என் சட்டம். மெயின் கரண்டைத் தொடும் எதையும் அவன் செய்ய நான் விடுவதில்லை. ஒரு பிள்ளை எலக்ட்ரானிக்ஸ் பழக இதைவிடப் பத்திரமான வேலை எனக்குத் தெரியவில்லை.

மகன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரையாண்டில் கணக்கில் 61. இரவு பதினொன்றரைக்கு விளக்கு எரிந்ததை நானும் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. சனி ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம், அயர்ன் என் அறையில் என்று அப்போதே வைத்திருக்க வேண்டும். ஆனால் இதே மகன்தான் போன வருடம் நாலாயிரம் கட்டி ஒரு ரோபோ வகுப்பில் சேர்த்தான். போய்ப் பார்த்தேன். எண் போட்ட ஒயரை எண் போட்ட ஓட்டையில் செருகுகிறார்கள். சாயங்காலம் பிரித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே எதுவும் கெடுவதில்லை. கெட்டால்தானே எதனால் என்று யோசிக்க முடியும்? அதற்குப் பணம் கொடுப்பது படிப்பு, இது கெட்ட பழக்கமாம்.

பேரன் இப்போது செய்வது விளையாட்டுக்கும் அல்ல. எதிர்வீட்டு ஹெச்.எம். சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வருவதில்லை. கம்ப்யூட்டரில் செஸ் ஆடுவார். இடது கையில் மவுஸ் நழுவுகிறது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்டவர்களுக்கென்றே, பெரிய சுவிட்சுகளை விருப்பம்போல் செருகிக்கொள்ள வசதியாக ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தது. விலை 100 டாலர். பேரன் என் பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவில் துளை போட்டு, ஒரு குச்சியும் உள்ளங்கையால் அழுத்துகிற பெரிய பட்டனும் வைத்திருக்கிறான். போர்டு தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்ளும். குச்சி காய் மேல் கொண்டுபோகும், பட்டன் கிளிக்.

இன்னும் இரண்டு ஒயர்தான் பற்ற வைக்க வேண்டும்.

ஹெச்.எம். சார் தினம் மாலை கைத்தடியோடு வாசலில் நின்று, "என்ன சார், முடிஞ்சுதா?" என்கிறார். பீரோ சாவி மகனிடம் இருக்கிறது. முனைக்கடை டிவி மெக்கானிக்கிடம் கேட்டேன். நாலு மணிக்குக் கடை திறப்பாராம், அரை மணி நேரம் அயர்ன் தருகிறேன் என்றார். பையன் பள்ளி விட்டு வருவதும் நாலு மணிக்குத்தான்.