எல்ஸுக்கு ஏன் தனி வரிசை?



பைத்தான் புரோகிராமில் எந்த வரிக்கு அப்புறம் எந்த வரி ஓடுது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் லைன் டிரேசிங். கம்ப்யூட்டரில் அதுவே காட்டிவிடும். ஆனால் நமக்கு முறை வருவது வாரத்துக்கு ஒருநாள், அதுவும் மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மற்ற நாளெல்லாம் நோட்டில் கட்டம் போட்டு பென்சிலால்தான் டிரேசிங். அதில் இஃப், எல்ஸ், பாஸ், ஃபார் போன்ற சிறப்புச் சொற்களில் எதுக்கெல்லாம் வரிசை போடணும் என்று வகுப்பில் ஒரே சண்டை.

என் கருத்து: நிஜமாக ஓடுகிற வரிக்கு மட்டும்தான் வரிசை.

இஃப் கேள்வி கேட்குது, எலிஃப்பும் கேட்குது. இரண்டுக்கும் வரிசை உண்டு. எல்ஸ் என்ன கேட்குது? ஒன்றுமில்லை. இஃப் பொய் என்று ஆனதுமே வழி தெரிந்துவிட்டது. எல்ஸ் வெறும் கைகாட்டி மரம். கைகாட்டியில் பஸ் நின்று ஆள் ஏற்றுமா? பைத்தானும் அங்கே நிற்பதில்லை, நேராக உள்ளே இருக்கும் வரிக்குப் போய்விடுகிறது. எல்ஸுக்கு வரிசை போடலேன்னு மார்க்கைக் குறைக்காதீங்க, ப்ளீஸ்!

"அப்படின்னா ஒன்றும் செய்யாத பாஸுக்கு மட்டும் எதுக்குடி வரிசை?" என்று கேட்கிறாங்க. சும்மா இரு என்பதும் ஒரு கட்டளைதானே! அதற்கு வரிசை போடாவிட்டால் அந்தப் பக்கம் போனோமா இல்லையா என்றே தெரியாது. முன்பு பைத்தானே இதில் கோட்டை விட்டது. வேகத்துக்காக கன்டினியூ, பாஸ் வரிகளைச் சில இடங்களில் கழித்துவிடும். ஓடின வரி ஓடாத மாதிரி தெரியும். தப்பு எங்கே என்று தேடுகிறவர் பாவம்! 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10-இல் இதைச் சரி செய்தார்கள். ஓடும் வரியெல்லாம் தெரியணும், ஓடாதது தெரியக் கூடாது என்பது மார்க் ஷானன் எழுதிய பெப் 626 விதி.

அடுத்து ஃபார். மூன்று தடவை சுற்றினால் ஃபார் வரி நான்கு தடவை வரும். நாலாவது தடவைதான் "இன்னும் இருக்கா?" என்று பார்த்து வெளியே வருது. என் மாமாவின் பழைய ஜிடபிள்யூ பேசிக் புத்தகத்தில் வேற மாதிரி இருக்கு. அதில் டிரான் என்று கொடுத்தால் ஓடுகிற வரி எண்ணெல்லாம் திரையில் வரும். ஃபார் வரி எண் ஒரே தடவை, நெக்ஸ்ட் வரி எண் மூன்று தடவை. அங்கே நெக்ஸ்ட்தான் பார்க்கிற வேலையைச் செய்யுது. பேசிக் படித்தவர்கள் பைத்தானுக்கும் அதே கணக்கைச் சொல்றாங்க, அது சரியில்லை.

என் நோட்டில் ஃபாருக்கு நாலாவது வரிசை போட்டதைச் சிவப்பு மையால் அடித்திருக்காங்க. அடுத்த வாரம் லேபில் ஓட்டிக் காட்டுகிறேன், எல்லாரும் எண்ணுங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி