ஓவன் வாங்கியாச்சு... சுவருக்குள் இருக்கிற வயர் தாங்குமா? தென்காசி, குற்றாலம் வீடுகளில் யாரும் பார்க்காத ஆபத்து

தென்காசி:

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்று நாலு காசு பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடுகளிலோ, வருகிற குடும்பம் கையோடு இண்டக்ஷன் அடுப்பையும் கொண்டு வந்துவிடுகிறது. ஓவனா, அடுப்பா, எத்தனை லிட்டர், என்ன கம்பெனி என்று கடையில் கேட்காத கேள்வி இல்லை. வீட்டு வயர் இதை தாங்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பழைய வீடுகளில் வயரிங் செய்தது குண்டு பல்புக்கும் மின்விசிறிக்கும்தான். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி., 2011-ல் தொடங்கிய இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் அதே வயரில்தான் ஓடின. இவை சின்ன லோடு என்பதால் பிரச்சினை இல்லை. ஓவன் கதை வேறு.

2 ஆயிரம் வாட் ஓவனை 230 வோல்ட்டில் போட்டால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். மிக்சி மாதிரி 2 நிமிடத்தில் நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை இது. ஆர்டர் வந்தால் 2, 3 மணி நேரம் ஓடும். அதே லைனில் ஆயிரம் வாட்டுக்கு ஒரு கெட்டிலும் சேர்ந்தால் 13 ஆம்பியர். சுவருக்குள் பைப்பில் போகும் 1 ஸ்கொயர் காப்பர் வயர் தாங்குவதோ சுமார் 11 ஆம்பியர்தான்.

மீதி என்ன ஆகும்? சூடாகும். மெயின் போர்டில் இருந்து சமையலறை 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர் வயர். 1 ஸ்கொயர் வயரில் 13 ஆம்பியர் போனால் சுமார் 120 வாட் சூடு வயரிலேயே வீணாகிறது. சுவருக்குள் 60 வாட் குண்டு பல்பு இரண்டை எரிய விட்ட மாதிரி! அதே வேலைக்கு 4 ஸ்கொயர் போட்டால் 30 வாட்தான். கேக் சரியாக வேகவில்லை என்று மாவை குறை சொல்கிறவர்கள் இதையும் கவனிக்கணும். வயரில் 9 வோல்ட் போய்விட்டால் ஓவனின் சூடு 8 சதவீதம் குறைந்துவிடும்.

பி.வி.சி. வயரின் மேலுறை 70 டிகிரி வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி கான்கிரீட்டுக்குள் போகும் பைப் ஏற்கனவே சூடாக இருக்கும். ஒரே பைப்பில் 6, 7 வயரை திணித்திருந்தால் தாங்கும் அளவு இன்னும் குறையும்.

எம்.சி.பி.யை மாற்றினால் தீர்ந்ததா?

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. ஓவன் போட்டதும் எம்.சி.பி. விழுந்தால் பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிடுகிறார்கள். பழைய பீஸ் கட்டை உள்ள வீட்டில் வயரில் இருந்து நாலு இழையை உருவி கட்டிவிடுவார்கள். அப்புறம் விழாதுதான். ஆனால் எம்.சி.பி. இருப்பது ஓவனை காப்பாற்ற அல்ல, வயரை காப்பாற்ற. 1 ஸ்கொயர் வயருக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், 18 ஆம்பியர் போனாலும் அது சும்மா இருக்கும். வயர் உருகும்.

2 ஆயிரம் வாட் ஓவனுக்கு தனி லைன், குறைந்தது ரெண்டரை ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., பெரிய மூன்று பின் சாக்கெட். 3 ஆயிரம் வாட் என்றாலோ தூரம் அதிகம் என்றாலோ 4 ஸ்கொயர் போடுவதே நல்லது. பழைய மேஸ்திரிகள் 3/20, 7/20 என்று கணக்கு சொல்வார்கள். 3/20 என்பது கிட்டத்தட்ட 2 ஸ்கொயர், 7/20 என்பது நாலரைக்கு கொஞ்சம் மேல். வயர் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வளைகுடாவில் இருந்து ஓவன் வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் சப்பை பின் பிளக்கை மல்டி பிளக்கில் சொருகி ஓட்டுவது சரியல்ல. அந்த மல்டி பிளக்தான் முதலில் கருகும். சவுதியில் முன்பு 127 வோல்ட்டும் இருந்ததால், பழைய பொருள் என்றால் லேபிளில் வோல்ட்டை பார்க்காமல் சொருகவே கூடாது.

சாரல் காலத்தில் தரை ஈரமாக இருக்கும். ஓவனோ இரும்பு உடம்பு. எர்த் வயர் இல்லாவிட்டால் ஷாக்தான். அதில் உயிரை காப்பது எம்.சி.பி. அல்ல, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

வாடகை வீட்டில் சுவரை வெட்ட ஓனர் விடுவாரா என்பது அடுத்த சிக்கல். வெட்ட வேண்டியதே இல்லை. மெயின் போர்டில் இருந்து சுவருக்கு மேலேயே பி.வி.சி. பைப் அடித்து தனி லைன் கொண்டு வரலாம். காலி செய்யும்போது வயரையும் எம்.சி.பி.யையும் கழற்றி எடுத்துப் போகலாம். மெயின் போர்டில் கை வைப்பதால் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே செய்ய வேண்டும்.