முள் சொல்வது மெய்யா?

அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர் என்று சாதம் வைக்கிறீர்கள். டம்ளர் பெரிதானாலும் சிறிதானாலும் பாதகமில்லை. இரண்டையும் அளப்பது ஒரே டம்ளர்தானே? ஆனால் அடுத்த வீட்டு மாமி தம்முடைய டம்ளரால் அளந்து கொடுத்த சர்க்கரையை, நீங்கள் உங்கள் டம்ளரால் அளந்து திருப்பிக் கொடுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்!

ரேடியோ உலகத்திலும் இப்படி ஒரு டம்ளர் இருக்கிறது. அதன் பெயர் எஸ் மீட்டர்.

பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே தேச தேசாந்தரத்தாருடன் ரேடியோவில் பேசுகிறவர்களை 'ஹாம்' என்பார்கள். ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது அந்தமானிலிருந்து ரேடியோவில் செய்தி அனுப்பி உதவியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி!

ஹாம்கள் பேச ஆரம்பித்ததுமே, 'உங்கள் குரல் இங்கே இப்படி வருகிறது' என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். முதலாவது தெளிவு, 1 முதல் 5 வரை, காதால் கேட்டுச் சொல்வது. இரண்டாவது பலம், 1 முதல் 9 வரை, பெரும்பாலோர் எஸ் மீட்டரின் முள்ளைப் பார்த்துச் சொல்வது. தகராறெல்லாம் இந்த முள்ளில்தான்.

1981-ல் சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஒரு பிரிவு இதற்குக் கணக்கு வகுத்தது. சிற்றலையில், ஏரியலிலிருந்து 50 மைக்ரோவோல்ட் வந்தால் முள் 9-ல் நிற்க வேண்டும். அது பாதியாகக் குறைந்தால் முள் ஓர் எண் இறங்க வேண்டும். 25 வந்தால் 8, 12.5 வந்தால் 7, இப்படியே.

ஆனால் பல ரேடியோக்கள் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. பலத்த அலை வந்தால் ரேடியோ தன் பெருக்கும் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. எவ்வளவு குறைத்தது என்பதைப் பார்த்துத்தான் முள் நகருகிறது. ஆகவே ரேடியோவுக்கு ரேடியோ வித்தியாசம். ஒரே ரேடியோவில்கூட அலைவரிசைக்கு அலைவரிசை வித்தியாசம்.

'இதனால் நமக்கு என்ன?' என்கிறீர்களா? பணம் போகிறதே, அம்மா! வீட்டுக்காரர் 100 வாட்டை 400 வாட்டாக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுகிறார். கணக்குப்படி எதிர்முனையில் முள் ஓர் எண்தான் ஏற வேண்டும். அங்குள்ள மீட்டரில் எண்களின் இடைவெளி குறுகலாக இருந்தால், "இரண்டு எண் ஏறிவிட்டது, ஸார்!" என்று பதில் வரும். இவருக்குத் தலைகால் புரியாது! போட்டி நாட்களிலோ கேட்கவே வேண்டாம். முனகலாகக் கேட்கும் குரலுக்கும் '5, 9' என்று தாராளமாக வழங்கிவிடுவார்கள். இந்த மரியாதையை நம்பி யாரும் ஏரியலைத் திருத்த முடியாது.

பரிகாரம் சுலபம். சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருக்கும் நண்பரிடம் அதை இரவல் வாங்கி, முதலில் 50 மைக்ரோவோல்ட், பிறகு பாதி, அதில் பாதி என்று ரேடியோவுக்குக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். மேஜைக்கு எதிரே ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் உதவும். அதற்குப் பிறகு புதுக் கருவி வாங்குவதைப் பற்றிப் பேசலாம்!

இன்னொன்று. முள் 1-லேயே படுத்துக் கிடந்தாலும், சொன்னதெல்லாம் பிசகின்றிப் புரிந்தால் தெளிவு 5-தான். ஆபத்து நேரத்தில் வேண்டியது அதுதான். அதை அளக்க மீட்டர் வேண்டாம். பொறுமையாகக் கேட்கும் காது போதும்.