நம்ம எம்.எல்.ஏ. எப்படி ஓட்டுப் போட்டார்?



கூவத்தூர் என்று சொன்னால் நம் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் 2017 பிப்ரவரிதான் ஞாபகத்துக்கு வரும். அப்போது அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-இல்தான். அங்கே கடலோர ரிசார்ட் ஒன்றில், அணி மாறிவிடாதபடி, அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் நாள்கணக்கில் தங்க வைக்கப்பட்டார்கள். ஓட்டுப் போட்டு அனுப்பிய நாமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, டி.வி.யில் அந்த ரிசார்ட்டின் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 18-ஆம் தேதி சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு கேட்டு ஒரே அமளி. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கடைசியில் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிராக 11. அந்த 11 பேரும் அதே அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்தவர்கள். ஓ. பன்னீர்செல்வம், மயிலாப்பூர் நட்ராஜ், ஆவடி பாண்டியராஜன் எல்லாம் அதில் உண்டு.

கட்சி ஒரு பக்கம் நிற்கும்போது, தான் மட்டும் எழுந்து மறுபக்கம் ஓட்டுப் போடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது துணிச்சலா, கணக்கா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 21-ஆம் தேதி, பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் ஒன்றாகிவிட்டன. ஓ.பி.எஸ். துணை முதல்வர் ஆனார். பாண்டியராஜன் அமைச்சர் ஆனார். பிப்ரவரியில் அவர்கள் போட்ட ஓட்டின் மேல் நம்மில் பலருக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது என்பதுதான் என் அபிப்பிராயம்.

இணைந்த மறுநாளே வேறு அணியைச் சேர்ந்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரின் பதவியை செப்டம்பர் 18-ஆம் தேதி சபாநாயகர் தனபால் பறித்தார். சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேரின் பதவியையும் பறிக்கச் சொல்லிக் கொடுத்த புகார் என்ன ஆனது? உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில், சபாநாயகர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தது. 2021-இல் சட்டசபையின் ஆயுளே முடிந்தது, தீர்ப்பு வரவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கு அமைச்சர் பதவி, கடிதம் கொடுத்தவர் வீட்டுக்கு. எந்தக் குடும்பத்திலாவது இப்படிப் பஞ்சாயத்து பண்ணினால் ஒத்துக்கொள்வோமா?

பதவி போன அந்த 18 பேரில் ஒருவர் திருப்போரூர் கோதண்டபாணி. அதுவும் அன்றைக்கு நம் மாவட்டத் தொகுதி. இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. ரோடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, பட்டா என்று மனுவைக் கையில் வைத்திருந்த ஜனங்கள் யாரிடம் போயிருப்பார்கள்? தண்டனை எம்.எல்.ஏ.வுக்கா, அவர்களுக்கா?

கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று தடவை கட்சி மாறினார். அந்த மாதிரி கூத்தை நிறுத்தத்தான் 1985-இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டே போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம்.

ஆட்சியைக் கவிழ்க்கும் ஓட்டுக்கு இந்தக் கடிவாளம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் மாதம் ஒரு கூவத்தூர் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் நெசவாளி பற்றிய மசோதா, தொழிலாளி பற்றிய மசோதா, நிலம் பற்றிய மசோதா, எல்லாவற்றுக்கும் அதே கடிவாளம் எதற்கு?

நம் ஊர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பா தறியில் இருக்கிறார். கோர்வைச் சேலை நெய்ய ஒற்றை ஆளால் முடியாது. கரைக்குத் தனி நாடா. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கோர்த்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். முன்பெல்லாம் பையன் உட்கார்ந்தான். இப்போது அவன் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறான். அம்மாதான் அடுப்பையும் பார்த்துக்கொண்டு நாடாவையும் பார்க்கிறார். பையன் எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் எல்லாமே நடக்கிறது.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, அந்தப் பையனின் வேலை நேரத்தைத் தொடும் மசோதா சட்டசபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கு மாறாது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு சொன்னது. காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தி.மு.க.வின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வுக்கும் அதில் சம்மதம் இல்லை. ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

வாபஸ் வாங்கியது நல்ல காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆளுங்கட்சி வரிசையில் இந்த மசோதா தப்பு என்று மனசுக்குள் நினைத்த எம்.எல்.ஏ. ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? இருந்திருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. குரல் வாக்கெடுப்பில் ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் பெரிது என்று சபாநாயகர் முடிவு சொல்வார். யார் ஆம் சொன்னார், யார் வாயே திறக்கவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அதே நாளில்தான் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் நிறைவேறியது. விவாதமே நடக்கவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் போய்விடுமோ என்று ஏகனாபுரத்தில் அப்போது மாதக்கணக்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். கிராம சபையில் யார் கை தூக்கினார்கள் என்று ஊருக்கே தெரியும். கோட்டையில் நடப்பது மட்டும் ஏன் ஊருக்குத் தெரியக்கூடாது?

இங்கிலாந்தில் 2019 செப்டம்பர் 3-ஆம் தேதி, பிரெக்ஸிட் விஷயத்தில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 21 பேர் தங்கள் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அதில் சர்ச்சிலின் பேரனும் ஒருவர். கட்சி அவர்களைத் தன் அணியிலிருந்து விலக்கியது, ஆனால் எம்.பி. பதவியைத் தொட முடியவில்லை. அவர்கள் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லாமல் போகவில்லை. யார் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது அன்று ராத்திரியே நாட்டுக்குத் தெரிந்தது. அடுத்து வந்த தேர்தலில் ஜனங்கள் தீர்ப்பு சொன்னார்கள்.

கொறடாவின் கடிவாளத்தைத் தளர்த்தும் யோசனை நமக்கும் புதிது இல்லை. 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா மாதிரி விஷயங்களுக்கு மட்டும் கொறடா உத்தரவு போதும் என்று சொல்லிவிட்டது. பதவி பறிக்கும் அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கட்சிகள்தான் வாய் திறக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்களுக்கும் வசதி, நாளைக்கு ஆட்சிக்கு வர நினைப்பவர்களுக்கும் வசதி.

எதிர்த்துப் பேசுவது எப்படி என்று நம் ஊர்க்காரரே காட்டியிருக்கிறார். 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். தலைவர் சொல்லிவிட்டாரே என்று அண்ணா சும்மா இருக்கவில்லை. அது இன்ப நாள் என்று காஞ்சியிலிருந்து அவர் நடத்திய 'திராவிட நாடு' இதழிலேயே காரணத்தோடு எழுதினார். இயக்கத்துக்குள் கசப்பு வந்தது. அதையும் தாங்கிக்கொண்டார். அது சட்டசபை ஓட்டு இல்லைதான். ஆனால் தன் ஆட்களின் முகத்தைப் பார்த்து, நான் ஏன் மாறுபடுகிறேன் என்று முன்கூட்டியே சொன்னாரே, அந்த நேர்மையைத்தான் நான் எம்.எல்.ஏ.க்களிடம் எதிர்பார்க்கிறேன். சொல்லிவிட்டு எதிர்த்தவரை நாம் மதிக்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக அணி மாறிவிட்டுக் காலையில் மனசாட்சி என்று சொல்கிறவரை ஏன் நம்ப வேண்டும்?

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நாம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வைகாசி கருட சேவைக்கோ, நெசவாளர் சொசைட்டி விழாவுக்கோ, தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ உங்கள் எம்.எல்.ஏ. வருவார். சால்வையைப் போட்ட கையோடு, கடந்த கூட்டத்தொடரில் எந்த மசோதாவுக்கு ஆம் சொன்னீர்கள், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள். பெண்கள் கட்டாயம் கேளுங்கள். அவர் சொன்ன பதிலை ஒரு தபால் அட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்