படி வேறு, மரக்கால் வேறு

ஏழு பேர் அமரத்தக்க மின்வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதும் மதிப்புரைகள் அண்மைக்காலத்தில் பெருகிவிட்டன. தமிழிலக்கியம் கற்பிக்கும் நமக்கு மோட்டார் வண்டியோடு என்ன வழக்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். வண்டியின் பொறிநுட்பம் நமக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒப்பீடு நம் துறை. அதன் இலக்கணம் பட்டப்பகலில் மீறப்படும்போது வாளாவிருத்தல் தகாது.

முதல் மீறல் அளவுகோலில் நிகழ்கிறது. 2024 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமான பி.ஒய்.டி. இமேக்ஸ் 7, 71.8 யூனிட் மின்கலத்தில் 530 கி.மீ. ஓடும் என்கிறார்கள். 2025 ஜூலையில் வந்த கியா கேரன்ஸ் கிளாவிஸ், 51.4 யூனிட்டில் 490 கி.மீ. ஓடுமாம். உடனே மதிப்புரையாளர் இரண்டு எண்களையும் ஒரே கட்டத்தில் பக்கம்பக்கமாக எழுதித் தீர்ப்பளித்துவிடுகிறார். முன்னது என்.இ.டி.சி. என்னும் பழைய ஐரோப்பியச் சோதனையில் கிடைத்தது; ஐரோப்பாவே 2017 முதல் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. பின்னது இந்தியாவின் எம்.ஐ.டி.சி. சோதனையில் கிடைத்தது. முன்னதில் உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ.; பின்னதில் 90 மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். இமேக்ஸ் யூனிட்டுக்கு 7.4 கி.மீ. 2025இல் வியட்நாமில் வந்த வின்ஃபாஸ்ட் லிமோ கிரீன், அதே என்.இ.டி.சி. சோதனையில் 60.13 யூனிட்டுக்கு 450 கி.மீ.; அதாவது ஏறத்தாழ 7.5. கிளாவிஸோ 9.5! இவ்வேறுபாட்டில் வண்டியின் திறன் எவ்வளவு, அளவுகோலின் தாராளம் எவ்வளவு? அந்தக் கட்டத்தைப் பார்த்து எவராலும் பிரித்தறிய இயலாது. ஊருக்கு ஊர் படி வேறுபட்டிருந்த நாளில் கரிசல்காட்டுச் சம்சாரி ஏமாந்த கதை இதுவே. அதை ஒழிக்க 1956இல் நாட்டுக்கொரு சட்டம் வந்தது. படித்தவர்கள் மறுபடியும் படியையும் மரக்காலையும் கலந்து அளக்கிறார்கள்.

இரண்டாம் மீறல் விலையில். கிளாவிஸ் அறிமுகமானபோது தொடக்க விலை ரூ.17.99 லட்சம். அந்த விலைக்குக் கிடைத்தது 42 யூனிட் மின்கலம். சொல்லப்பட்ட தூரம் 404 கி.மீ. மதிப்புரைகளின் தலைப்பிலோ குறைந்த விலையும் கூடிய தூரமும் கைகோத்து நிற்கின்றன. இமேக்ஸ் வண்டிக்கும் இதே உபசாரம்: ரூ.26.90 லட்சத்துக்குக் கிடைத்த 55.4 யூனிட் வண்டிக்கு 420 கி.மீ.தான், 530 அன்று. ஒருவன் தலையை மற்றொருவன் உடலில் ஒட்டிவைத்து அழகன் என்று பாராட்டுவதற்கு ஒப்பீடு என்றா பெயர்?

மூன்றாம் மீறலே நம்மை எழுதத் தூண்டியது. தொல்காப்பியர் உவமவியலில் உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். நம் மதிப்புரையாளர்கள் மெய்யையும் உருவையும் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகிறார்கள்: கண்ணாடிக் கூரை, தொடுதிரை, விளக்குகளின் வடிவு. இந்த வண்டி யாரை எங்கே சுமக்கும், சுமப்பதால் யாருக்கு என்ன நன்மை என்ற வினையும் பயனும் எங்கே?

மணியாச்சிச் சந்திப்பில் விடியலில் நின்று பாருங்கள். ரயிலிறங்கி ஷேர் ஆட்டோ தேடும் மாணவியரைக் காண்பீர்கள். கோவில்பட்டிப் பக்கம் போனால், தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் டீசல் வேன் இருட்டோடு கிளம்பும். இருக்கைக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது; ஒருவர் மடியில் இன்னொருவர் தூக்குச்சட்டி இருக்கும். மின்வண்டியின் மெய்யான போட்டியாளர் அந்த டீசல் வேன்தான். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலாவது அதற்கு இடமுண்டா? ரூ.69.90 லட்சத்துக்கு வந்த எம்.ஜி. எம்9 வண்டிக்கு உண்டு. அதில் இருக்கை ஒன்றுக்கு விலை ஏறத்தாழப் பத்து லட்சம்!

"குடும்ப வண்டி வாங்குவோருக்கு எழுதுவதில் தீப்பெட்டி ஆபீஸ் எதற்கு?" என்று மறுப்போர் உண்டு. இவ்வகை வண்டியின் பிறப்பையே அவர்கள் அறியவில்லை. இமேக்ஸுக்கு முன்னோடியான இ6, 2021இல் இந்தியாவுக்கு வாடகை நிறுவனங்களுக்காகவே கொண்டுவரப்பட்டது. லிமோ கிரீனும் பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலுக்காகவே உருவானது. பலரைச் சுமப்பதே இவற்றின் குலத்தொழில்.

நமக்கோ இது தொலைதூரச் செய்தியும் அன்று. வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் திறக்கப்பட்டது நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான். ரூ.16,000 கோடி முதலீட்டுக்கு 2024 ஜனவரியில் ஒப்பந்தமாயிற்று. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்பது திட்டம். நம் மண்ணில் வண்டி செய்கிறார்கள். நம் சாலைக்கு அது உதவுமா என்று கேட்க மட்டும் ஆளில்லை.

ஆகவே மதிப்புரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே சோதனையில் கிடைத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். எந்த விலைக்கு எந்த மின்கலம் என்று சொல்லுங்கள். இருக்கைக்கு என்ன விலை, ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று கணக்கிட்டு, டீசல் வேனையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பிறகு சித்திரை வெயிலில், ஏழு பேரையும் ஏற்றி, குளிர்சாதனத்தைப் போட்டு, மணியாச்சியிலிருந்து கோவில்பட்டிக்கு ஓட்டுங்கள். கடைசி வரிசையில் நீங்களே அமருங்கள்.

அதன்பின் எழுதுங்கள், முதல் ஆளாக வாசிக்கக் காத்திருக்கிறோம்.