ஆயில் வடிச்சாச்சு... அப்புறம்?

வருஷக் கடைசிக் கணக்கு முடிக்கிற ஆணியெல்லாம் ஒரு வழியா புடுங்கி முடிச்சாச்சு. மாட்டுங்கா பூக்கடைகளைப் பத்தி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு பித்தளைச் சாமான் ரெண்டு வாரமா என்னைப் படுத்தி எடுக்குது. அதைக் கொட்டித் தீர்த்துட்டு பூக்கடைக்குப் போவோம்.

என் மச்சினன் ஹூஸ்டன்ல இருக்கான். அவன்கிட்ட ஒரு 'ட்ரக்' இருக்கு. நம்ம ஊர்ல ட்ரக்னா பத்து சக்கரம், பின்னாடி 'ஒலி எழுப்பவும்'. அவன் ஊர்ல பின்னாடி திறந்த பெட்டி வச்ச பிக்கப்பும் ட்ரக்தான். அதுல அவன் ஏத்துற அதிகபட்ச லோடு இந்தியன் ஸ்டோர்ல வாங்குற அரிசி மூட்டை :-). அந்த ட்ரக்குக்கு அவனே ஆயில் மாத்தி, வீடியோ எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டான். வண்டிக்கடியில கையை விட்டு ஒரு சின்ன நெம்பைத் தூக்கித் திருப்பினான். கருப்பு ஆயில் ஒழுங்கா கேனுக்குள்ள இறங்குச்சு. கையில ஒரு சொட்டு இல்ல. கீழே "இது கூட இந்தியாவுல யாரும் பண்றதில்ல, எல்லாத்துக்கும் மெக்கானிக்" அப்படின்னு ஒரு பஞ்ச் வேற!

விஷயம் தெரியாதவங்களுக்கு: எஞ்சினுக்கு அடியில ஆயில் சேம்பர் இருக்கும். அதோட அடியில ஒரு ட்ரெயின் போல்ட். ஆயில் மாத்தணும்னா அதை ஸ்பேனர் வச்சுக் கழட்டணும். கடைசி மரை விடும்போது சுடச்சுட ஆயில் பீச்சி அடிக்கும், போல்ட் ஆயிலுக்குள்ள விழும், வாஷர் காணாமப் போகும். திரும்ப மாட்டும்போது பலசாலி யாராவது இறுக்கினா சேம்பர் மரையே போயிடும். இந்த போல்ட் இருக்கிற இடத்துல நிரந்தரமா ஒரு குட்டி பால் வால்வை மாட்டிட்டா இந்தத் தொல்லை இல்ல. நெம்பைத் தூக்கி கால் சுத்து திருப்பினா திறக்கும், திருப்பி விட்டா மூடும். ஜப்பான்காரங்களோட ஃபுமோட்டோ வால்வு இதுல பேர் பெற்றது. தானா திறந்துக்காம இருக்க நெம்பு ஒரு பள்ளத்துல உட்கார்ந்திருக்கும்.

என் சித்தப்பா பையன் சங்ககிரிக்காரன். ஒத்தை லாரி. அவனே ஓனர், அவனே டிரைவர். வாஷி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டு வந்தா காட்கோபர் வந்து எங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடாம போக மாட்டான். தங்கமணி அவனுக்குன்னு அரிசிம்பருப்பு செஞ்சு வைப்பாங்க. போன மாசம் வந்தப்போ வலது மணிக்கட்டுல துணி சுத்தியிருந்தான்.

"என்னடா கையில?"

"ஒண்ணுமில்லீங்ணா, ஆயில் மாத்தும்போது பட்டுருச்சுங்க."

கிளீனர் லீவு. ஒர்க்ஷாப்புக்குக் குடுக்கிற கூலியை மிச்சம் பிடிக்கலாம்னு ஹைவே ஓரத்துல வண்டியை நிறுத்தி இவனே படுத்துக் கழட்டியிருக்கான். 18 லிட்டர் ஆயில். பாதி கேன்ல, மீதி ரோட்டுல. ரோட்டுல போனது எங்க போச்சுன்னு கேட்டேன். "பக்கத்துல சாக்கடை இருந்துச்சுங்ணா" அப்படின்னான். தப்புப் பண்ணின குரல்ல இல்ல, சாதாரணமாத்தான் சொன்னான்.

மச்சினன் வீடியோவைக் காட்டினேன். அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்த நாள் வழக்கமா போற மெக்கானிக்குக்கு போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரே மறுப்பு. நானும் ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சேன். அவங்க சொன்ன ஆட்சேபணைகளை நியாயமாவே எடுத்து வைக்கிறேன்.

ஒண்ணு: வால்வு கீழே நீட்டிட்டு இருக்கும், கல் அடிச்சா போச்சு. சரிதான். காருக்கு இந்த பயம் ரொம்ப நியாயம். லாரி சேம்பர் தரையிலிருந்து உசரம். இருந்தாலும் குவாரிக்கும் போர்வெல் சைட்டுக்கும் போற வண்டிக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ரெண்டு: ராத்திரி தாபாவுல தூங்கும்போது எவனாவது திறந்து விட்டுட்டா? டீசல் திருட்டைப் பார்த்த டிரைவருக்கு இந்த பயம் வராம இருக்காது. நெம்பை அசைய விடாத பூட்டு கிளிப் தனியா கிடைக்குது. அதுக்கு மேல, காலையில வண்டி எடுக்கும் முன்னாடி டிப் ஸ்டிக் பார்க்கிறது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே?

மூணு: ஓட்டை சின்னது, கசடு முழுசா இறங்காது. பாதி உண்மை. மெதுவாத்தான் இறங்கும், அடியில கொஞ்சம் தங்கவும் செய்யும். எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கும்போது திறந்து அரை மணி நேரம் விட்டா, தங்குற கொஞ்சத்தால எஞ்சின் ஒண்ணும் செத்துப் போகாது.

வால்வால ஒரு பெரிய லாபமும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நடுவுல ஒரு அரை டம்ளர் ஆயில் பிடிச்சுப் பார்க்கலாம். பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி, கூலண்ட் உள்ள போகுது. தண்ணியா ஓடி டீசல் வாடை அடிச்சா டீசல் கலக்குது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டிகள்ல புகை வடிகட்டி தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணும்போது ஆயில்ல டீசல் கலக்க வாய்ப்பு உண்டு. ஒத்தை லாரிக்காரனுக்கு இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது எஞ்சினைக் காப்பாத்துற விஷயம். எஞ்சின் போனா அடுத்த மாசம் டியூ கட்ட முடியாது. அந்தக் கடன் வாராக்கடன் ஆகுறதை பேங்க்ல நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். (வாரண்டியில இருக்கிற புது வண்டியில மட்டும் கம்பெனியைக் கேட்காம கை வைக்காதீங்க.)

ஆக, வால்வு நல்ல சாமான். மாட்டலாம். இதோட முடிச்சிருந்தா இது ஒரு விளம்பரப் பதிவா போயிருக்கும். என் சண்டையே இனிமேதான்.

மச்சினன் வீடியோவுல காட்டாத கடைசிக் காட்சி ஒண்ணு இருக்கு. போன் போட்டுக் கேட்டேன், "மாப்ள, வடிச்ச ஆயிலை என்ன பண்ணின?" அவன் சாதாரணமா சொன்னான், "ஆட்டோ பார்ட்ஸ் கடையில குடுத்துட்டேன் மாமா, சும்மாவே வாங்கிப்பாங்க." அமெரிக்காவுல ஆயில் விக்கிற பெரிய கடைகள் பல பழைய ஆயிலைக் காசில்லாம திருப்பி வாங்கிக்குது. கலிஃபோர்னியாவுல 1991ல சட்டமே போட்டு, அங்கீகரிக்கப்பட்ட மையத்துல கொண்டு போய்க் குடுக்கிறவங்களுக்கு காலனுக்கு இவ்வளவுன்னு ஊக்கத்தொகை கூட வச்சாங்க. அவன் தானே ஆயில் மாத்துறது சுலபமா இருக்கக் காரணம் பித்தளை வால்வு மட்டும் இல்ல மக்களே. அந்தக் கடைதான். வால்வை பார்சல்ல அனுப்பலாம். கடையை எப்படி அனுப்புவான்?

நம்ம ஊர்ல வடிச்ச ஆயில் எங்க போகுது? ஒர்க்ஷாப்ல மாத்தினா, பழைய ஆயில் மெக்கானிக்குக்குன்னு ஒரு எழுதாத மாமூல். பி.காம். படிச்சவனுக்கு இது உறுத்துது. 18 லிட்டருக்குக் காசு குடுத்தது வண்டிக்காரன், மிச்ச மதிப்பு மட்டும் வேற ஒருத்தர் கணக்குல! அங்கிருந்து பங்கார்காரருக்குப் போகும். அப்புறம் சென்ட்ரிங் பலகையில தடவ, சூளையில எரிக்க. சில சமயம் வடிகட்டி, புது டப்பாவுல அடைச்சு, போலி ஆயிலா திரும்ப உங்க எஞ்சினுக்கே வரும். தானே மாத்துறவனுக்கு இந்த வழி கூடத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி சாக்கடை.

மும்பையில மழைநீர் சாக்கடைக்குச் சுத்திகரிப்பு கிடையாது. எங்க காட்கோபர்ல ரோட்டோரம் கொட்டுறது சோமையா நாலா, லட்சுமி பாக் நாலான்னு ஏதோ ஒண்ணு வழியா தாணே கழிமுகத்துக்குப் போகும். குளிர்காலம் ஆனா குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போய் பூநாரை காட்டுறோமே, அதே இடம். 2015ல பூநாரை சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. ஒரு பங்கு பழைய ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது. பேங்க்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 லிட்டர்னா 1 கோடியே 80 லட்சம் லிட்டர். எங்க சொசைட்டிக்கு மே மாசம் வர்ற 10,000 லிட்டர் டேங்கர்ல 1,800 டேங்கர். என் தம்பி ஒருத்தன், ஒரு மத்தியானம், பாதி ஆயில் கொட்டினதுக்கே இதுல பாதி வருது.

அப்போ தப்பு அவன் மேலயா? இங்கதான் எனக்குக் கோபம் வருது. பழைய ஆயில் அபாயகரக் கழிவுன்னு விதி பல வருஷமா இருக்கு. 2023 செப்டம்பர்ல அதைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1லேர்ந்து ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி பண்ற கம்பெனிகளுக்கே பொறுப்புன்னு கொண்டு வந்தாங்க. முதல் வருஷம் 5 சதவீதம், அப்புறம் படிப்படியா 50 சதவீதம் வரைக்கும் மறுசுழற்சிக்கு இலக்கு. நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த விதி போர்ட்டல்லயும் சான்றிதழ்லயும் ஓடுது. ஹைவே ஓரத்துல கேனோட நிக்கிறவன் முன்னாடி அது வந்து நிக்கலையே! எங்க ஏரியா பெட்ரோல் பங்க் ஒண்ணுல போய்க் கேட்டேன், "பழைய ஆயில் வாங்கிப்பீங்களா?" அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... லோன் கேட்டு வர்றவங்களை நான் கூட அப்படிப் பார்த்ததில்ல.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. ஆயில் டப்பா விக்கிற ஒவ்வொரு பங்க்கும், ஒவ்வொரு ஸ்பேர்ஸ் கடையும் பழைய ஆயிலைத் திரும்ப வாங்கணும். மூலையில ஒரு மூடி போட்ட பீப்பாய், எடுத்துட்டுப் போக பதிவு பெற்ற ஏஜெண்ட், குடுக்கிறவனுக்கு லிட்டருக்கு ஏதோ ஒரு தொகை. ஆயில் தேய்ஞ்சு போறதில்ல, அழுக்குத்தான் ஆகுது. முறையா சுத்திகரிச்சா திரும்ப நல்ல ஆயிலே ஆகும். விக்கத் தெரிஞ்ச இடத்துக்கு வாங்கத் தெரியாதா?

அது வர்ற வரைக்கும் நாம சும்மா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. வெளிநாட்டுல இருக்கிற மக்களே, ஊருக்கு வால்வு அனுப்புறீங்களா? தாராளமா. கூடவே சேம்பர் மரை அளவு கேட்டு அனுப்புங்க. "இந்தியாவுல யாரும் பண்றதில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. பண்றவன் கை வெந்து கிடக்கான். ஊர்ல இருக்கிறவங்களே, தானே மாத்துறதுன்னா கையுறை போடுங்க. பழைய ஆயில் தொடர்ந்து தோல்ல பட்டா புற்றுநோய் வரலாம். மூடி உள்ள கேனும், குடுக்க வேண்டிய ஆளும் முதல்ல. ஸ்பேனர் அப்புறம்.

தம்பி போன வாரம் திரும்ப வந்தான். வால்வு பார்சல் வந்து சேர்ந்திருந்துச்சு. கையில உருட்டி உருட்டிப் பார்த்தான். அப்புறம் வண்டிக்குப் போய் ஒரு 20 லிட்டர் கேனோட வந்தான். போன தடவை பிடிச்ச பாதி ஆயில் அப்படியே இருந்துச்சு.

"கொட்ட மனசு வரலீங்ணா. இதை எங்க குடுக்கிறதுங்க?"

கேன் இப்போ எங்க பால்கனியில இருக்கு. பதிவு பெற்ற ஏஜெண்டுகளுக்கு போன் போட்டுட்டு இருக்கேன். ஒன்பது லிட்டருக்கெல்லாம் வர முடியாது, பீப்பாய்க் கணக்குல இருந்தா சொல்லுங்கன்னு சொல்றாங்க.

டிஸ்கி: கேன் துணி காயப் போடற இடத்துல இருக்கிறதால, இந்த வாரக் கடைசிக்குள்ள வழி தெரியலைன்னா கேனும் நானும் சேர்ந்தே வெளியன்னு தங்கமணி உத்தரவு. காட்கோபர், செம்பூர், தாராவி பக்கம் சின்ன அளவுல வாங்குற பதிவு பெற்ற ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க சாமி, புண்ணியமா போகும்.