செலவழுங்கல்

நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் வைப்பதற்கென்று ஒரு தீர்மானம் சுற்றுக்கு வந்திருக்கிறது. வரும் கோடையிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்களை அமர்த்திக்கொண்டு இமயமலைப் பகுதிக்குச் சென்று, கூடாரமிட்டுத் தங்கி வரவேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டோர் வரிசையில் என் பெயர் இல்லை. "சென்ற முறை போய் வந்தவன் நீ, இப்போது அஞ்சுகிறாயா?" என்று விடுதியில் இருவர் கேட்டனர். அஞ்சவில்லை. தீர்மானத்தை எதிர்க்கவும் இல்லை. அதில் ஒரு வரி குறைகிறது என்பதே என் வாதம். அந்த வரி ஏன் வேண்டும் என்று கூறப்புகுந்தால் என் தவறு ஒன்றையும் கூறியாக வேண்டும்.

2024 ஜூலைத் திங்களில் நாம் பதினொருவர் இரண்டு வேன்களில் சந்திரதால் ஏரிக்குப் புறப்பட்டோம். மணாலியில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் கிளம்புவதாகத் திட்டம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மணாலியில் எங்கோ இட்லி கிடைக்கிறது என்று ஒருவர் கேள்விப்பட்டுவிட்டார். தமிழனை இமயத்தின் அடிவாரத்தில் நிறுத்தி இட்லி என்று சொன்னால் இமயம் மறைந்துவிடுகிறது! கடையைத் தேடி, காத்திருந்து, உண்டு முடித்தபோது மணி பத்து.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ஒன்பது கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை மணிக்கணக்கில் ஏறி இறங்கிய வழியை இன்று சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். மலைவாழ் மக்களுக்கு அது பெரும் வாழ்வு. நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களுக்கோ, மலை எளிதாகிவிட்டது என்ற மயக்கத்தையும் அது தருகிறது. கோக்சரைத் தாண்டி, கிராம்ஃபூ என்னுமிடத்தில் பிரிந்து சந்திரா ஆற்றை ஒட்டிச் சென்றோம். மயக்கம் தெளிந்தது. நாங்கள் சென்றபோது அங்கே பாதை என்ற சொல் மரியாதைக்காகவே வழங்கிற்று. குடத்தளவு கற்களும், கற்களுக்கிடையே நீரும், நீருக்கடியில் மீண்டும் கற்களும் இருந்தன.

சத்ரு என்னும் சிற்றூரைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றதும் ஓர் ஓடை குறுக்கிட்டது. மணி மூன்றரை. மேலேயுள்ள பனிப்பாளங்கள் உச்சிவெயிலில் உருகி, அந்நீர் கீழே வந்துசேரும் வேளை அது. விடியலில் கணுக்கால் அளவு ஓடும் நீர் மாலையில் தொடையளவு ஏறிவிடும். முன் வேனின் ஓட்டுநர் லாஹோல்காரர். வயது ஐம்பது இருக்கும். நம்மவர்கள் அவரை நேரில் 'பாயி ஸாப்' என்றும், தமக்குள் 'அண்ணாச்சி' என்றும் அழைத்தனர். அவர் இறங்கிக் கரையில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைத்தார். கல்லொன்றை நீரில் எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து மூன்றே சொற்கள் கூறினார்: "அபீ நஹீ, ஸுபஹ்."

'இப்போது கூடாது, காலையில்.' இதுதான் பொருள். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

தந்தையார் பணியின்பொருட்டு வடநாடு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பள்ளியிலேயே இந்தி பயின்றவன். ஆகவே அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளன் நானே. மற்றப் பத்துப் பேருக்கும் அவருக்கும் இடையே இருந்த ஒரே பாலம் நான். அந்தப் பாலம் என்ன செய்தது? "காலையில் போனால் நல்லது என்கிறார்" என்று தமிழில் கூறிற்று.

தடையை யோசனையாக்கிவிட்டேன். பொய் என்று எவரும் பிடிக்க முடியாத பொய் அது. ஏன் செய்தேன் என்று பல இரவுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்றிரவே ஏரிக்கரையில் விண்மீன் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. வேறு காரணம் இல்லை.

யோசனை என்றால் விவாதம் உண்டு. விவாதம் உண்டென்றால் வாக்கெடுப்பும் உண்டு. நம் சங்கத்தில் அதற்குக் குறைவேயில்லை. "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தானே இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோம்? இதற்குக்கூட உதவாதென்றால் சாதாரண வண்டியிலேயே வந்திருக்கலாமே!" என்று ஒருவர் முழங்கினார். ஒன்பது பேர் கை தூக்கினர். ஒருவர் வேண்டாமென்றார். நான் நடுநிலை வகித்தேன். அதை நினைத்தால் இன்றும் நாணுகிறேன்.

இங்கே சற்று நின்று இந்த வண்டியைப்பற்றிச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் நான்கு சக்கர இயக்கம் என்றால் வண்டிக்கு ஏதோ கூடுதல் பிடி கிடைத்துவிடுவதாக எண்ணுகிறோம். டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எத்தனை சக்கரங்கள் இழுத்தாலும் ஒன்றுதான். இருக்கின்ற உராய்வை நான்கு இடங்களிலும் பயன்படுத்திக்கொள்ள அது வழிசெய்கிறது; அவ்வளவே. இறக்கத்தில் பிரேக் பிடிப்பதற்கு அதனால் பெரிய ஆதாயம் ஒன்றுமில்லை. மேலும், ஒவ்வோர் அச்சிலும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டு இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட மிகுதியாக ஓடவேண்டியிருப்பதால் அது தேவை. ஆனால் ஒரு சக்கரம் பிடியிழந்து சுழன்றால், அந்தச் சக்கரம் தாங்கும் சிறு முறுக்குவிசையே அதன் இணைக்கும் கிடைக்கும். முன்னே ஒரு சக்கரமும் பின்னே எதிர்மூலைச் சக்கரம் ஒன்றும் பிடியிழந்தால், அச்சுப்பூட்டு இல்லாத வண்டி நான்கு சக்கரமும் உடையதாயிருந்தும் நின்றுவிடும்.

நீர் இன்னொரு கணக்கு. வேனின் அடித்தளம் நான்கு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொள்வோம். அதற்கு மேல் ஒரு சாண், அதாவது இருபது சென்டிமீட்டர், நீர் ஏறினால், உள்ளே புகாதவரை, அது வண்டியை 1,200 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு மேலே தூக்கும். சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை அந்த அளவுக்குக் குறையும். பிடியும் அதற்கேற்பக் குறையும். பக்கவாட்டில் தள்ளும் விசையோ நீரின் வேகத்தின் இருமடியாகப் பெருகும். ஆர்க்கிமிடீஸ் விதியைப் படித்துத் தேறியவர்கள் அன்று அந்த வண்டியில் ஐவர் இருந்தோம். படிக்காதவர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு சரியான விடையைச் சொல்லியிருந்தார்.

நடந்ததைச் சுருக்கமாகவே கூறுகிறேன். அண்ணாச்சி தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை இறக்கினார். நடு ஓடையில் முன் இடச்சக்கரமும் பின் வலச்சக்கரமும் சுழன்றன. வண்டி நின்றது. நீர் கதவின் இடுக்கு வழியே புகுந்து எங்கள் கால்களை நனைத்தது. வண்டி மெல்லச் சரிந்து ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. பாறை இல்லையேல் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது ஒருவரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பின் வேன் கரையிலேயே நின்றிருந்தது நற்பேறு. அண்ணாச்சி சாளரம் வழியே இறங்கி, பனியுருகிய நீரில் இடுப்பளவு நின்று, கொக்கியில் கயிற்றைக் கட்டினார். முதற்கயிறு அறுந்தது. இரண்டாவது பிடித்தது. எல்லாமாக நாற்பது நிமிடங்கள். கரைக்கு வந்தபோது அவரால் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. வாக்களித்த ஒன்பது பேரில் ஒருவர் அதைப் பிடித்துப் புகட்டினார்.

சத்ருவுக்கே திரும்பிக் கூடாரமிட்டோம். சோறு அரைவேக்காடு, அந்த உயரத்தில் நீர் தொண்ணூறு டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது, குக்கரையோ ஊரில் மறந்து வந்திருந்தோம்.

மறுநாட் காலை ஆறு மணிக்கு அதே ஓடை. நீர் கணுக்காலுக்குச் சற்று மேல். இரண்டு நிமிடத்தில் கடந்தோம். ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை.

இன்னொரு செய்தி. மணாலி 2,050 மீட்டர். சந்திரதால் சுமார் 4,250. மூவாயிரத்துக்கு மேல் உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. நாங்களோ ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறி உறங்கத் திட்டமிட்டிருந்தோம். ஓடை எங்களை வழியில் ஓரிரவு நிறுத்தியது. அப்படியிருந்தும் ஏரியில் இருவருக்குக் கடுந்தலைவலியும் வாந்தியும் வந்தன. நேராக ஏறியிருந்தால் எத்தனை பேருக்கு வந்திருக்குமோ! அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஜூலையில், அதே ஏரிப்பகுதியில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் பனியில் நாட்கணக்கில் சிக்கி மீட்கப்பட்டனர். அது நம்மிற் பலருக்குத் தெரிந்தே இருந்தது.

தமிழில் செலவு என்றால் பயணம் என்றும் பொருள். பாலைத் தலைவன் புறப்பட்டவன் இடையில் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பர். அப்படி நிற்பது போகாமை ஆகாது என்று தொல்காப்பியர் கற்பியலில் தெளிவாகவே கூறியிருக்கிறார். தலைவியைத் தேற்றுவதற்காக நிற்கிறான், பின் போவான். இலக்கிய மன்றத்தில் இதைக் கைதட்டிக் கேட்ட நாம், ஓடைக்கரையில் ஓரிரவு நிற்பதைத் தோல்வி என்று எண்ணினோம்.

ஏரியைப்பற்றியும் ஒரு சொல். 2005 முதல் அது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் அமைந்த ஈரநிலம். கரையில் கூடாரமிடத் தடையுண்டு. வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நம்மில் ஒருவர் புகைப்படத்துக்காக வேனைப் புல்வெளியில் இறக்கச் சொன்னார். இம்முறை அண்ணாச்சி "நஹீ" என்றார். நான் "கூடாது" என்றேன். வண்டி இறங்கவில்லை. ஆண்டில் சில திங்களே வளரும் புல் அது. இடையர்களின் ஆடுகள் அதை நம்பி வருகின்றன. ஒரு சக்கரத்தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

இனி அந்த வரி. தீர்மானத்தோடு இத்திருத்தத்தைச் சேர்க்கக் கோருகிறேன்: 'பாதை, நேரம், ஓடை ஆகியவற்றில் ஓட்டுநர் கூடாது என்றால் கூடாது, அதன்மேல் வாக்கெடுப்பு இல்லை, அவ்வாறு தங்க நேரும் நாளுக்குரிய வாடகையைப் பொதுநிதி ஏற்கும்.' இறுதிப் பகுதியே முக்கியம். அண்ணாச்சி ஏன் தோளைக் குலுக்கிவிட்டு ஏறினார்? மறுத்தால் ஒருநாட் கூலி போகும், அடுத்த முறை வேறொருவரை அமர்த்துவார்கள் என்பதனால் அன்றோ? அந்த அச்சத்தை நாம் நீக்காவிட்டால் அவருக்கு அளிக்கும் அதிகாரம் வெறும் மையாகவே இருக்கும். கூடுதற் கூலிக்காக வீணே தங்க வைப்பார்களே என்று பொருளாளர் கேட்கக்கூடும். வைக்கட்டும், ஒருநாள் வாடகையைப் பதினொருவர் பங்கிட்டால் மணாலியில் இட்லிக்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

இந்தி அறிந்தோர் இருவரேனும் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவன் குறைத்துச் சொன்னால் மற்றவன் திருத்துவான். திரும்பும் வழியில் அண்ணாச்சி என்னிடம், "அன்று ஓடையில் நான் சொன்னதை அவர்களிடம் எப்படிச் சொன்னாய்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் மொழியில் 'நஹீ'க்குச் சொல் இல்லையா?" என்றார்.

திருத்தத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அன்று கை தூக்கியவர்களுள் ஒருவராயின் நன்று.